காதில் கம்மல் போட்ட ஆடு

ஓசியில் கொடுத்தால் யாரும் எதையும் வாங்கிக்கொள்வார்கள் என்ற நினைப்பு நம்மில் பலருக்கு இருக்கிறது. என் வீட்டுக்காரரின் நண்பர் ஒருவருக்கும் இருந்தது. நல்ல மனுஷர். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார், ஒரு சேவைச் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறார். எச்.ஐ.வி. பாதித்த குடும்பங்களுக்கு ஆளுக்கு இரண்டு வெள்ளாடு கொடுப்பது என்று அவர்கள் சங்கத்தில் முடிவெடுத்து, ஒரு தொண்டு நிறுவனம் மூலமாகச் சொல்லியனுப்பி, மண்டபம் பிடித்து, சாப்பாட்டுக்குச் சொல்லி, ஆடுகளையும் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். கூப்பிட்டதில் பாதிப் பேர் வரவில்லை. அந்த ஆதங்கத்தை எங்கள் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே கொட்டினார். "இவங்களுக்கெல்லாம் முன்னேறணும்ங்கற எண்ணமே இல்லீங்க தங்கச்சி, நாம என்ன செஞ்சாலும் வீண்தான்" என்றார். "அப்படிங்களாண்ணா" என்று கேட்டுக்கொண்டேன். வராமல் போனவர்களில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் தெரியும் என்று சொல்ல முடியாது. இலவச ஆடு வேண்டாம் என்ற அதே மாதத்தில் எங்கள் குழுவில் வட்டிக்குக் கடன் வாங்கி, சந்தைக்குப் போய் இரண்டு வெள்ளாடு பிடித்துவந்தவர் அவர்.

நான் மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். சந்தா, உள்கடன், சுழல் நிதி, தீர்மான நோட்டு, இதுதான் என் உலகம். அதனால் எதையும் வரவு செலவாகப் பார்க்கும் புத்தி வந்துவிட்டது. கையில் வந்து விழும் ஆட்டை விட்டுவிட்டுக் கடன் வாங்கி ஆடு வாங்குவது எந்தக் கணக்கில் சேரும்? இந்தக் கேள்வி ரொம்ப நாள் என்னை அரித்தது. இதை எழுதலாமா என்று அந்த அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஊர், அடையாளம் தெரியக்கூடிய சில விஷயங்களை மாற்றியிருக்கிறேன். ரூபாய்க் கணக்கை மட்டும் மாற்றவில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த நோயைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. லாரி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி, டேங்கர் என்று வடக்கே போய் மாதக்கணக்கில் திரும்பாத ஆண்கள் உள்ள ஊர்கள் இவை. நாமக்கல் என்றதுமே முட்டைக்கும் லாரிக்கும் அடுத்ததாக இந்த நோயின் பெயரைச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. அப்போதுதான் விழிப்புணர்வுக்காக, புள்ளிராஜா என்ற கற்பனை ஆளை வைத்துத் தமிழ்நாடு முழுக்க "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று சுவரெல்லாம் கேட்டார்கள். புள்ளிராஜாவுக்கு வந்ததா இல்லையா என்பதில் இருந்த ஆர்வம், புள்ளிராஜா போன பிறகு அவர் பெண்டாட்டி எதை விற்று வீட்டு வாடகை கொடுத்தாள் என்பதில் யாருக்கும் இருக்கவில்லை. விதிவிலக்கு உண்டு. நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த கௌசல்யா பெரியசாமி, தனக்கு நோய் இருப்பதை ஊரறியச் சொல்லி, 1998-ல் மற்ற பெண்களோடு சேர்ந்து 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' அமைப்பைத் தொடங்கினார். அந்தத் துணிச்சலால் பலன் பெற்றவர்கள் ஏராளம். ஆனால் எல்லாராலும் மேடையேற முடியாது. மேடையேறாதவர்களுக்கும் அரிசி வாங்கியாக வேண்டும்.

மாத்திரை இலவசம், மற்றதெல்லாம் காசு

2001-ல் சிப்லா கம்பெனி எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருகிறேன் என்று அறிவித்தபோது அது உலகச் செய்தி. ஆனால் கிளீனர் சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு அந்த ஒரு டாலரே மலை. நகையும் நிலமும் கரைந்த பல வீடுகளின் கதை அந்தக் காலத்தியது. 2004 ஏப்ரல் 1-ம் தேதி முதல் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். நம் மாநிலத்தில் தாம்பரம் சானடோரியம்தான் முன்னோடி. இப்போது பெரும்பாலானோருக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் மற்றவர்களைப் போலவே வயதாகி, மூட்டு வலி வந்து, பேரன் பேத்தி எடுக்கலாம். நோய் குடும்பத்தைக் கடனாளியாக்கிய காலம் பெருமளவு முடிந்துவிட்டது. அப்படியும் இந்தக் குடும்பங்களின் கையில் காசு தங்குவதில்லை. ஏன்?

அக்காவின் செலவுகளை ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். குழுக் கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் பத்து ரூபாய். அவர் அடிக்கடி அபராதம் கட்டுவார். ஏன் என்று நான் தனியாகக் கேட்டபோதுதான் முதன்முதலாக விஷயத்தைச் சொன்னார். மாத்திரைக்குப் போகும் நாளும் கூட்ட நாளும் மோதிக்கொள்கின்றன. பக்கத்திலேயே மாத்திரை கொடுக்கும் மையம் இருக்கிறது, அங்கே போக மாட்டார். அங்கே சீட்டுப் போடும் இடத்தில் தெரிந்த முகம் ஒன்று இருக்கிறது. அதனால் அடுத்த மாவட்டத்துக்குப் போகிறார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் கிடையாது, ஆனால் வெளியூர் பஸ்ஸுக்கு அது செல்லாது. ஆகவே விடியற்காலையில் கிளம்பி, டவுன் பஸ் மாறி மாறிப் போகிறார். ஒரு நாள் தறிக் கூலி போய்விடுகிறது. மாத்திரை டப்பாவைக் குலுக்கினால் சலங்கை மாதிரி சத்தம் போடும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். மூடியைத் திறந்து உள்ளே பஞ்சை அடைத்து, லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ஒரு பழைய கால்சியம் டப்பாவுக்கு மாற்றிவிடுகிறார். நிலையாக இருப்பவர்களுக்கு இப்போது இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மருத்துவத் துறையில் அதை என்ன பெயரில் வைத்திருக்கிறார்களோ, என் நோட்டில் அது ஒரு வருமானத் திட்டம். மூன்று நாள் கூலி இழப்பு ஒரு நாளாகக் குறைந்திருக்கிறது, அபராதமும் குறைந்திருக்கிறது.

இதெல்லாம் சில்லறை. பெரிய செலவுகள் வேறு. கணவர் ரிக் வண்டியில் வேலை பார்த்தவர், 2012-ல் இறந்தார். அப்போதுதான் இவருக்கும் இருப்பது தெரிந்தது. பையனுக்குச் சோதித்ததில் இல்லை. மாமியார் வீட்டிலும் பங்காளிகளிலும் நாலைந்து பேருக்கு விஷயம் தெரிந்ததும் பையனைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து வாடகை வீடு. புது ஊரில் தெரிந்தவர் யாரும் கிடையாது, எனவே ஏலச்சீட்டில் சேர்த்துக்கொள்ள ஜாமீன் ஆளில்லை, மளிகைக் கடையில் கணக்கு வைக்க முடியாது, அவசரத்துக்கு ஐநூறு கைமாற்று கிடையாது.

அப்புறம் மொய். பொருளாதாரம் படித்தவர்கள் எழுதும் கட்டுரைகளில் இதை நான் பார்த்ததில்லை. கணவர் இருந்தபோது பதினைந்து வருடம் போட்ட மொய்யெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் இருக்கிறது. ஊர் பெயர், ஆள் பெயர், விசேஷம், தொகை. சும்மா கூட்டிப் பார்த்தேன், ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. நாம் ஐநூறு வைத்திருந்தால் அவர்கள் ஆயிரமாகத் திருப்பி வைப்பதுதான் முறை. அப்படிப் பார்த்தால் அந்த நோட்டின் மதிப்பு லட்சத்தை ஒட்டி வரும். பையனுக்குக் காதுகுத்து வைத்தால் அது வந்திருக்க வேண்டும். வைக்கவில்லை. பத்திரிகை அடித்தால் கணவர் வழி ஆட்களைக் கூப்பிட வேண்டும், அவர்கள் வந்து பந்தியில் உட்காராமல் போனால் இந்த ஊர்க்காரர்கள் ஏன் என்று கேட்பார்கள். கோவிலில் யாருமில்லாமல் காது குத்திக்கொண்டு வந்துவிட்டார். பேங்க் திவாலானாலாவது டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டு. மொய் நோட்டுக்கு யாரிடம் போய் நிற்பது?

ஆக, மாத்திரை இலவசமான பிறகும் இந்தக் குடும்பத்தைத் தின்றுகொண்டிருப்பது நோய் இல்லை. யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்கு ஆகும் செலவு. அந்தச் செலவுக்கு ரசீது கிடையாது, மானியம் கிடையாது, அதை எந்தத் திட்டக் குறிப்பிலும் ஒரு வரியாகக்கூட நான் கண்டதில்லை.

எந்த வியாபாரம்

சுயதொழில் பயிற்சி என்று வந்தால் நம்மவர்கள் உடனே பால் மாடு, இட்லிக் கடை, ஊறுகாய் என்று ஆரம்பித்துவிடுவார்கள். சாதாரணக் குடும்பத்துக்குச் சரி. இந்தக் குடும்பங்களுக்கு இதைவிட மோசமான யோசனை இருக்க முடியாது. எனக்குத் தெரிந்து ஒரு பெண் இட்லி மாவு அரைத்து விற்றார், நல்ல வியாபாரம். விஷயம் எப்படியோ கசிந்ததும் ஒரே வாரத்தில் தெருவே கடையில் மாவு வாங்க ஆரம்பித்துவிட்டது. சாப்பாட்டில் அது பரவாது என்று அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும், பள்ளிக்கூடத்துப் பாடத்திலேயே இருக்கிறது. தெரிந்தும் வாங்க மாட்டார்கள். இதை எத்தனை விழிப்புணர்வு ஊர்வலம் மாற்றும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. ஆட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. சந்தைக்கு ஓட்டிப் போனால் எங்கிருந்தோ வந்த வியாபாரி பல்லைப் பார்க்கிறான், துண்டுக்குள் கையை விட்டு விலை பேசுகிறான், பணத்தை எண்ணிக் கொடுக்கிறான். வளர்த்தது யார் என்று கேட்பதில்லை. தறிக் கூலியும் அப்படித்தான், துணி யார் நெய்தது என்று கட்டுபவருக்குத் தெரியாது. எனவே ஆடு என்பது நல்ல யோசனைதான், அந்த மட்டில் பட்டறைக்காரர் அண்ணன் சரியாகவே யோசித்திருக்கிறார்.

அப்படியானால் ஏன் வேண்டாம் என்றார்? விழா மேடை, பேனர், போட்டோ இவற்றுக்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதைக் கேட்டேன். "மேடைக்கு முக்காடு போட்டுட்டுக்கூடப் போயிருலாம் கண்ணு" என்றார் அக்கா. "அந்தாட்டுக்குக் காதுல கம்மல் மாட்டித்தான் குடுக்கறாங்க. இன்சூரன்ஸாம். ஊருக்குள்ள ஒருத்தராச்சும் கேப்பாங்கல்ல, இது எங்க குடுத்தாங்க, எதுக்குக் குடுத்தாங்க, எங்களுக்குக் கெடைக்குமான்னு. நான் என்னன்னு சொல்றது? அந்தாடு ரோட்டுல போனா என்ற ரிப்போர்ட்டே ரோட்டுல போற மாரி."

கால்நடைத் துறையில் காது வில்லை என்பார்கள். மஞ்சள் நிறத்தில் நம்பர் போட்டுத் தொங்கும். அதைக் கோளாறு சொல்ல முடியாது, ஆடு செத்தால் இன்சூரன்ஸ் பணம் வருவதற்கு அதுதான் அத்தாட்சி. கொடுப்பவர் பக்கமிருந்து பார்த்தால் பொறுப்பான வேலை. ஆனால் இந்த வெள்ளாடுகள் காலையில் அவிழ்த்துவிட்டால் ஊர் முழுக்க மேய்பவை. அரசாங்க ஆடு என்றால் எல்லாருக்கும் கிடைத்திருக்கும், அவருக்கு மட்டும் கிடைத்தது என்றால் காரணம் ஒன்று இருந்தாக வேண்டும், அந்தக் காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் நம் ஊர்களில் யாருக்கும் தூக்கம் வராது. எனக்கு அதுவரை குழம்பிக் கிடந்த கணக்கு அந்த மஞ்சள் வில்லையில்தான் தெளிந்தது. குழுவில் அவர் வாங்கியது 24,000 ரூபாய். 20 தவணை, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, குறையும் அசலுக்கு. எல்லாம் கட்டி முடித்தால் வட்டி 2,520 ரூபாய் வரும். அவரைப் பொறுத்தவரை அது வட்டியே இல்லை, காதில் ஒன்றுமில்லாத ஆட்டுக்கான விலை. தீர்மான நோட்டில் 'வெள்ளாடு வாங்க' என்று மட்டும் எழுதினேன். அதே பக்கத்தில் இன்னொருவர் தையல் மிஷினுக்கும் வேறொருவர் மகள் சீருக்கும் வாங்கியிருக்கிறார்கள். பன்னிரண்டு கையெழுத்தில் இவருடையதும் ஒன்று.

இரண்டும் ஆளுக்கு இரண்டு குட்டி போட்டன. கிடாக்குட்டிகளைத் தீபாவளிக்கு முன் சந்தைக்குக் கொண்டுபோனார், கடனில் பாதிக்கு மேல் ஒரே தடவையில் அடைந்தது. ஒன்று சளி பிடித்துச் செத்தும் போனது. இன்சூரன்ஸ் இல்லை, நஷ்டம் நஷ்டம்தான். அதற்கும் அவர் தயாராகத்தான் இருந்தார்.

பெயர் கேட்காத உதவி

இதன் பிறகு வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று கொஞ்சம் தேடிப் படித்தேன். கென்யாவின் மேற்குப் பகுதியில், சிகிச்சையிலிருந்த விவசாயிகளுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு வாங்கக் கடனும் பயிற்சியும் கொடுத்து, அவர்கள் உடல்நிலை தேறுகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். 'ஷம்பா மைஷா' என்று பெயர். 2022-ல் வந்த பெரிய ஆய்வு முடிவில், வீட்டில் சாப்பாட்டுக்கான தட்டுப்பாடு குறைந்திருந்தது, ஆனால் ரத்தத்தில் வைரஸ் அளவு குறைந்ததில் பம்பு வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இதைத் தோல்வி என்று சொல்பவர்கள் இருக்கலாம். எனக்கு அந்த அளவுகோலே விசித்திரமாகப் படுகிறது. பட்டினி குறைந்தால் அது போதாதா, பட்டினி குறைந்ததை வைரஸிடம் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டுமா? மற்ற குடும்பத்துக்குக் கடன் கொடுத்தால் கடன் அடைந்ததா, பிள்ளை படித்ததா என்று பார்க்கிறோம். இவர்களுக்குக் கொடுத்தால் மட்டும் ரத்தத்தை எடுத்துப் பார்க்கிறோம்.

நம் ஊரில் இந்தக் குடும்பங்களுக்கு உண்மையில் கைகொடுப்பவை எவை என்று பார்த்தால், அவர்களுக்கென்று போடாத திட்டங்கள்தான். ரேஷன் அரிசி, பள்ளிக்கூடத்துச் சத்துணவு, 2022-லிருந்து காலைச் சிற்றுண்டி, டவுன் பஸ். 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்த விதவை உதவித்தொகை. கணவன் இறந்துவிட்டான் என்பதற்காகத் தருகிறார்கள், எதனால் இறந்தான் என்று யாரும் கேட்பதில்லை. இலவசங்களைக் கிண்டல் செய்பவர்கள் "தேவைப்பட்டவங்களுக்கு மட்டும் குடுக்கலாமே" என்பார்கள். தேவைப்பட்டவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்கு அவர்களிடம் இருக்கும் பதில் ஒரு பட்டியல். அந்தப் பட்டியலில் பெயர் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஒருத்தி வருடக்கணக்கில் டவுன் பஸ் மாறிக்கொண்டிருக்கிறாள்.

பட்டறைக்காரர் அண்ணனிடம் பொதுவாக, யாரையும் குறிப்பிடாமல், ஒரு யோசனை சொன்னேன். அடுத்த தடவை அந்தப் பணத்தை மகளிர் குழுக் கூட்டமைப்பில் போட்டுவிடுங்கள், ஆடு வாங்கக் கடன் கேட்கும் விதவைகள் எல்லாருக்கும் வட்டியைத் தள்ளுபடி செய்யலாம், அதில் இவர்களும் இருப்பார்கள் என்று. "யாருக்குப் போச்சுன்னு எப்படித் தெரியும்? மேல ரிப்போர்ட் அனுப்பணுமே" என்றார். அவர் கஷ்டம் அவருக்கு.

நிலம்

ஆட்டைவிடப் பெரிய சொத்து ஒன்று அக்காவுக்கு இருந்தது. கணவர் பெயரில் பட்டாவோடு 60 சென்ட். கணவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளை, கணவரின் தாயார் மூவருக்கும் சமபங்கு என்கிறது 1956-ம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டம். காரியம் முடிந்த கொஞ்ச நாளில் கணவரின் அண்ணன் வந்து, "விஷயம் வெளிய போனா பையன் பள்ளிக்கூடம் என்னாவறது" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறார். மிரட்டல் என்று சொல்ல முடியாத மிரட்டல். அக்கா தனக்காகவும் மைனர் பையனுக்குக் கார்டியனாகவும், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. இவர் மட்டும் இல்லை. தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நடந்து 2006-ல் வெளியான, என்.சி.ஏ.இ.ஆர். என்ற பொருளாதார ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்விலேயே, இந்த நோயோடு வாழும் விதவைகளில் பெரும்பாலோருக்குக் கணவர் சொத்தில் பங்கு கிடைக்கவில்லை என்று வந்திருக்கிறது. ஆடு கொடுக்கப் பத்துப் பேர் இருக்கிறார்கள், இதைக் கேட்க ஒருத்தரும் இல்லை. 2018-ல் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தில், பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் சொத்தைப் பாதுகாக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நீதிமன்றத்தில் பெயரை மறைத்து வழக்கு நடத்தவும் அதில் இடமுண்டு. ஆனால் தாலுகா கோர்ட்டில் கேஸ் கட்டை எடுத்துக் கொடுப்பவரிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லாரும் சொந்தக்காரர்கள்.

ஒரு வக்கீலம்மாவிடம் போனோம். பத்திரத்தின் நகலைப் படித்துவிட்டு அவர் முதலில் கேட்டது பையனின் பிறந்த தேதியை. மைனரின் சொத்தை விட்டுக்கொடுக்கக் கார்டியனுக்குக் கோர்ட் அனுமதி வேண்டும், இதில் வாங்கவில்லை. பையன் 18 முடிந்து மூன்று வருடத்துக்குள் தன் பங்குக்கு அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அக்காவின் பங்கு போனது போனதுதான், பையனுடைய 20 சென்ட்டுக்கு வழி இருக்கிறது. "மனுவுல நோயைப் பத்தி ஒரு வார்த்தை வேண்டாம், மைனரா இருந்தான்ங்கறதே போதும்" என்றார். வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் நிலம் இன்னும் கைமாறவில்லை.

பையனுக்கு வருகிற தையில் 18 முடிகிறது. அக்கா வேண்டாம் என்கிறார். எதிர்த் தரப்பு வாயைத் திறக்காது என்று என்ன நிச்சயம், அவன் காலேஜ் முடிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். காலேஜ் மூன்று வருடம், கெடுவும் மூன்று வருடம், இரண்டும் ஒன்றாகத்தான் முடியும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பையனிடம் யார் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதில்தான் இப்போது பேச்சு நிற்கிறது. நிலத்தைப் பற்றி மட்டுமாவது சொல்லிவிடுங்கள் என்பது என் கட்சி.